விண்ணொலி தேடிய தொண்டர்கள்

நம்மையன்றி அறிவுடைய உயிர்கள் விண்வெளியில் உளவோ? இவ்வினாவுக்கு விடை தேடி, 1960 ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி பிராங்க் டிரேக் வானொலித் தொலைநோக்கியை இரு விண்மீன்களை நோக்கித் திருப்பினார். விண்ணின் இயற்கை இரைச்சலிலிருந்து செயற்கைக் குறிப்பொன்றைப் பிரித்தறிதற்கு அளவிறந்த கணக்கீடு வேண்டும். அதற்கேற்ற பெருங்கணனியோ பெருஞ்செலவுக்குரியது.

அக்குறையைத் தீர்க்கப் பொதுமக்கள் முன்வந்தனர். 1999 மே 17 ஆம் நாள் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தார் ‘செற்றி அற் ஹோம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கினர். போட்டோ றிக்கோத் தீவில் 305 மீற்றர் அகன்று விளங்கிய அரெசிபோத் தொலைநோக்கி பதிவுசெய்த அலைகள், சிறு பகுதிகளாக்கப்பட்டு இணைய வழியே வீடுகளுக்குச் சென்றன. வீட்டுக் கணனி, உரியவர் அதனைப் பயன்படுத்தாத வேளையில், தனக்குரிய பகுதியை ஆராய்ந்து முடிவைத் திருப்பியனுப்பிற்று. சிறுதுளி பெருவெள்ளமாயிற்று, 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பங்குகொண்டனர்.

2020 மார்ச் 31 ஆம் நாளுடன் இப்பகிர்வு நின்றது. அவ்வாண்டு டிசம்பரில் அத்தொலைநோக்கியும் இடிந்து வீழ்ந்தது. பிற உலகத்தார் குரலென உறுதியானது எதுவுமில்லை.

எனின், இவ்வுழைப்பு வீணோ என நேயர்கள் வினவலாம். வீணன்று. அம்முறை புரத ஆராய்ச்சிக்கும் காலநிலை ஆராய்ச்சிக்கும் பயன்பட்டது. அன்றியும், தேடிய இடத்தில் குறிப்பேதும் புலப்படவில்லை என அறிதலும் அறிவே. அடுத்துத் தேடுவோர்க்கு அஃது எல்லைக்கல்லாகும்.