தலைக்கவசத்துள் ஒரு துணைக்குரல்



மோட்டார் சைக்கிளில் நெடுந்தொலைவு செல்லும் நண்பர்கள், ஓட்டத்தினிடையே உரையாடத் தலைக்கவசத்தில் பொருத்திக்கொள்ளும் சிறு கருவியே இண்டர்காம். அதனை வாங்குமுன் ஆராய வேண்டுவன யாவை?

முதலாவது, இணைப்பு முறை. புளூடூத் முறையில் பலர் சேருங்கால், சங்கிலிக் கண்ணிகள்போல் ஒருவர்பின் ஒருவராக இணைவர். இடையில் ஒருவர் பின்தங்கினால் சங்கிலி அறுந்துபோகும். மெஷ் என்னும் வலைமுறையிலோ, ஓரிழை அறுந்தால் குரல் வேறிழை வழியே செல்லும். இருவர்க்கு முன்னது போதும். குழுவினர்க்குப் பின்னதே ஏற்றது. ஆயின், வெவ்வேறு நிறுவனத்தாரின் வலைக்கருவிகள் பெரும்பாலும் தம்முள் இணையா. ஆதலால் கலந்து பேசி வாங்குதல் நன்று.

இரண்டாவது, தொலைவு. பெட்டியின்மேல் அச்சிட்ட கிலோமீட்டர்க் கணக்கு, தடையற்ற வெட்டவெளிக்கே உரியது. 70 கொண்டையூசி வளைவுகளையுடைய கொல்லிமலைச் சாலையில் மலையே அலைகளை மறைக்கும். அங்கே அக்கணக்குப் பொய்த்துவிடும்.

மூன்றாவது, உழைப்பு. ஐபி67 என்னும் குறியீடு, தூசு புகாமையையும், 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்குதலையும் குறிக்கும். மின்கலம் பகல் முழுதும் நிற்க வேண்டும். கண் சாலையை விட்டு அகலாதிருக்க, பொத்தான்கள் கையுறை அணிந்த விரலுக்கும் புலப்பட வேண்டும்.

இறுதியாக ஒன்று. எல்லோரும் ஒருங்கே பேசும் வகுப்பில் எவர் சொல்லும் செவிக்கு எட்டாது, இங்கும் அஃதே. ஒலியை மிகுத்தால் பின்வரும் லாரியின் ஒலிப்பான் கேளாது. "முன்னே பள்ளம்" என்னும் ஒரு சொல் உயிரைக் காக்கும். வீண்பேச்சோ கருத்தைச் சாலையினின்று பிரிக்கும். கருவியைத் தேரும் அறிவினும், வேண்டியபோது அதனை வாய்மூடச் செய்யும் அறிவே பெரிது.