30 எழுத்துக்குள் கடை விரிப்பது

தாம்பரத்தில் ஆர்.ஓ. மெஷின் பழுது பார்ப்பவர் ஒருவர் கூகுள் தேடலில் விளம்பரம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு என்றதும் அவர் எழுதப்போவது கடைப் பெயரும் '20 ஆண்டு அனுபவ'மும்தான். இரண்டும் கொஞ்சம் காத்திருக்கட்டும். தேடுகிறவர் வீட்டில் மெஷின் நின்றுவிட்டது. இன்றைக்கே ஆள் வருவாரா, எவ்வளவு கேட்பார் என்பதுதான் அவர் கவலை.

அதனால் எழுதுமுன் படிக்க வேண்டும். விளம்பரம் ஏற்கெனவே ஓடியிருந்தால் மக்கள் என்ன தட்டினார்கள் என்ற பட்டியல் கணக்கிலேயே கிடைக்கும். புதிதென்றால், தேடல் கட்டத்தில் 'ஆர்.ஓ. சர்வீஸ்' என்று தட்டி, கீழே தானாக விழும் வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் தலைப்பு, தேடிய சொல்லும் ஊரும்: 'தாம்பரத்தில் ஆர்.ஓ. சர்வீஸ்'. தலைப்புக்கு 30 எழுத்துக்குறிதான் அளவு. தமிழில் விரல்விட்டு எண்ணினால் கணக்கு உதைக்கும். 'தண்ணீர்' நமக்கு 4 எழுத்து. புள்ளியையும் சுழியையும் தனியாக வைக்கும் யூனிகோடில் 7. எழுதும் கட்டத்துக்கு அடியில் ஓடுகிற எண்ணை நம்புங்கள்.

மொத்தம் 15 தலைப்பு கொடுக்கலாம். அவற்றில் அதிகபட்சம் 3-ஐ எடுத்துக் கோப்பது கூகுள். எது எதோடு சேரும் என்பது நம் கையில் இல்லை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'இன்றே வீட்டுக்கு வருவோம்', 'ஒரே நாளில் சர்வீஸ்' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் சொன்னதையே சொன்ன கதை. ஒன்றை எடுத்துவிட்டு 'விசிட் சார்ஜ் ரூ.299' என்று வையுங்கள். அனுபவத்துக்கும் ஓர் இடம் உண்டு, இப்போது. எழுதியதும் இரண்டிரண்டாகச் சேர்த்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஊர்ப் பெயர் கட்டாயம் முன்னால் வர வேண்டுமென்றால் அதை முதல் இடத்தில் பின் செய்யலாம். எல்லாவற்றையும் பின் செய்தால் 15 எழுதியதே வீண்.

ஓரத்தில் விளம்பர வலிமை என்று ஒரு மீட்டர் ஏறி இறங்கும். அதற்காக வெற்றுத் தலைப்புகளை அடுக்காதீர்கள். அந்த மதிப்பீடு ஏலத்தில் நேரடியாகக் கணக்கில் வருவதில்லை. தலைப்பில் ஆச்சரியக்குறி கூடாது. போன் நம்பருக்கும் அங்கே இடமில்லை, அதற்குத் தனி வசதி இருக்கிறது.

ரூ.299 என்று போட்டால், கிளிக் செய்து வருகிற பக்கத்திலும் அதே தொகை கண்ணில் படவேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு தேடல் பட்டியலை அவ்வப்போது திறந்து பாருங்கள். 'புது ஆர்.ஓ. விலை' என்று தேடுகிறவர்கள் கிளிக் செய்து காசைக் கரைத்தால் தலைப்பைத் திருத்தாதீர்கள்; 'விலை', 'புது' போன்ற சொற்களை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.