ஊர் கூடி இழுக்காத தேர்

ஊர் கூடினால் தேர் நகரும் என்பது நம் முன்னோர் அனுபவம். கூட்டுறவுத் தேர் மட்டும் கிராமத்து முனையில் நின்றுவிடுவது ஏன்?

1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1951-52-இல் ரிசர்வ் வங்கி நாடெங்கும் ஆய்வு நடத்தியது. உழவர் பெற்ற கடனில் சங்கங்களின் பங்கு நூற்றுக்கு 3. லேவாதேவிக்காரர் பங்கு ஏறத்தாழ 70!

காரணம் எளிது. சங்கம் நிலத்தை ஈடு கேட்டது. குத்தகைக்கு உழுபவனிடம் நிலம் ஏது? பல ஊர்களில் வட்டிக்கு விடும் நிலக்கிழாரே சங்கத் தலைவர். தம் தொழிலுக்குத் தாமே போட்டி வளர்ப்பாரா? என் பாட்டனார் குத்தகை உழவர்; சங்கத்தின் படியை அவர் மிதித்ததே இல்லை.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1946-இல் தோன்றிய பால் கூட்டுறவு வேறு வழி கண்டது. ஓர் எருமை உள்ளவரும் அங்கே உறுப்பினர். பாலைக் கண்முன்னே அளந்து, கொழுப்புச் சத்தைச் சோதித்து விலை தந்தார்கள். சோதனைக்குழாய்க்குப் பெரியவர், சிறியவர் தெரியாது!

2021-இல் மத்திய அரசில் கூட்டுறவுக்கென அமைச்சகம் வந்தது. 2022-இல் 63,000 கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்கும் திட்டம் ஏற்கப்பட்டது. நல்லதே. ஆனால் எழுதப்படாத பெயரைக் கணிப்பொறி அறியாது.

தோழர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது ஒன்று கேளுங்கள்: சங்கப் பேரவை கடைசியாக எப்போது கூடியது? கணக்கை யார் படித்துக் காட்டினார்கள்? உறுப்பினர் கேட்கத் தொடங்கும் நாளில்தான் வடம் ஊரார் கைக்கு வரும்.