நீரைச் சேமிக்கும் வீட்டுக்கு நகரசபை என்ன கொடுக்கலாம்?

ஒரு வீடு கட்டி முடிக்க எவ்வளவு செலவாகும் என்று கேட்டால், எங்கள் ஊரில் பெரும்பாலானோர் கல், மண், சீமெந்து, கம்பி, கூலி என்று கணக்குப் போட்டு ஒரு தொகையைச் சொல்லிவிடுவார்கள். அந்த வீடு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் எடுக்கும், அதன் கூரையில் விழும் மழை எங்கே போகும் என்று கேட்டால் பதில் வராது. இந்த இரண்டு கேள்விகளையும் வீடு கட்டுபவர் மட்டுமல்ல, ஊரை நிர்வகிக்கும் சபையும் கேட்க வேண்டும். கேட்பதோடு நிற்காமல், நல்ல பதில் வைத்திருக்கும் வீட்டுக்கு ஒரு சலுகையும் கொடுக்க வேண்டும். அது ஏன், எப்படி என்பதையே இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

எங்கள் மண்ணும் எங்கள் வளவும்

காத்தான்குடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று எங்கள் கரையோர ஊர்கள் மணல் மேல் அமைந்தவை. மழைநீர் இந்த மணலுக்குள் இறங்கி நன்னீராகத் தங்குகிறது. அதற்குக் கீழே கடலோடு தொடர்புள்ள உப்புநீர் இருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, உப்புநீர் பாரம் கூடியது. ஆகவே ஒன்று மற்றதன் மேல் மிதந்து நிற்கிறது. மேலே உள்ளதை மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் கீழே உள்ளது மேலே ஏறும். கிணறு உவர்ப்பது இப்படித்தான். 2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்தபோது கடல்நீர் கிணறுகளுக்குள் நேரடியாகவே புகுந்தது. அதன் பிறகு அந்தக் கிணறுகள் மெல்ல மெல்லத் தேறியதற்கு மேலிருந்து இறங்கிய மழைநீர் ஒரு முக்கிய காரணம்.

இதனோடு எங்கள் வழக்கம் ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் முடித்து வைப்பது கிழக்கு மாகாணத்தில் நெடுங்கால வழக்கம். உம்மம்மாவின் காலத்தில் ஒரே வளவாக இருந்த காணி உம்மாவுக்கும் சாச்சிமாருக்கும் பிரிந்தது. இப்போது அது எங்களுக்காகவும் பிரிகிறது. எங்கள் வளவின் பின்புறத்தில் எனக்கென்று ஓர் அத்திவாரம் போட்டாயிற்று. என் வகுப்புத் தோழியர் பலரின் வளவுகளிலும் இதே கதைதான்.

ஒவ்வொரு புதிய வீடும் அந்த மணலுக்கு என்ன செய்கிறது? ஒரு கூரை கூடுகிறது. முற்றத்துக்கு இன்டர்லொக் கல் பதிக்கப்படுகிறது. ஒரு மோட்டார் கூடுகிறது. ஒரு மலசலகூடக் குழியும் கூடுகிறது, அதுவும் கிணற்றுக்கு முன்னையை விடக் கிட்ட. அதாவது மண்ணுக்குள் இறங்கும் மழை குறைகிறது, எடுக்கப்படும் நீர் கூடுகிறது, கழிவு நீரும் நெருங்கி வருகிறது. பிள்ளைகளுக்காகக் கட்டும் வீடு அதே பிள்ளைகளின் கிணற்றைக் கெடுத்துவிடக் கூடாது.

சட்டம் என்ன செய்கிறது?

இலங்கையில் மழைநீர் சேகரிப்புக்கென்று 2005 ஆம் ஆண்டிலேயே ஒரு தேசியக் கொள்கை வந்தது. 2007 இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் திருத்தப்பட்டது. அதன் கீழ் 2009 இல் வெளியான ஒழுங்குவிதிகள் நகரப் பகுதிகளில் கட்டப்படும் குறிப்பிட்ட வகைப் புதிய கட்டடங்களில் மழைநீரைச் சேகரிக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கின. இது நல்ல சட்டம்.

ஆனால் எந்தக் கட்டடச் சட்டத்துக்கும் இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது, அது புதிய கட்டடத்தைத்தான் பார்க்கும். ஏற்கெனவே நிற்கும் ஆயிரக்கணக்கான வீடுகள் அதற்கு வெளியே. இரண்டாவது, வரைபடத்துக்கு அனுமதி வாங்கும்போதும் கட்டி முடித்துச் சான்றிதழ் எடுக்கும்போதும்தான் அதன் கண் திறந்திருக்கும். அதற்குப் பிறகு பீலி உடைந்தாலும் தாங்கி வெடித்தாலும் யாரும் கேட்பதில்லை.

இங்கேதான் சலுகை என்ற யோசனை வருகிறது. அதன் அடிப்படை எளிமையானது. நீரைச் சேமிக்கும் வீட்டில் பீலி, தாங்கி, குழாய் எல்லாவற்றுக்கும் செலவு செய்வது வீட்டுக்காரர். அதனால் வீதியில் வெள்ளம் குறைவதும், அயல் கிணறு உவர்க்காமல் இருப்பதும் ஊருக்குக் கிடைக்கும் இலாபம். செலவு ஒருவருக்கு, இலாபம் எல்லோருக்கும் என்றால் அந்த வேலையைச் செய்பவர் குறைவாகத்தான் இருப்பார்கள். ஊர் தனக்குக் கிடைத்த இலாபத்தில் ஒரு பங்கை அந்த வீட்டுக்குத் திருப்பிக் கொடுப்பதே சலுகை. அதைத் தர்மமாக நினைக்கத் தேவையில்லை, கொடுக்கல் வாங்கலாகவே நினைக்கலாம்.

மற்ற நகரங்கள் செய்தவை

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் பாலைவனத்தில் உள்ள நகரம். வருடத்துக்கு ஏறத்தாழ 100 மில்லிமீற்றர் மழைதான் அங்கே பெய்யும். அதன் நீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது. அங்குள்ள நீர் அதிகார சபை 1999 முதல், வீட்டு முற்றத்தில் உள்ள புல்லை எடுத்துவிட்டு வறட்சியைத் தாங்கும் செடிகளை நடுபவருக்குச் சதுர அடிக் கணக்கில் பணம் கொடுக்கிறது. இதுவரை 20 கோடிச் சதுர அடிக்கு மேற்பட்ட புல்தரை இப்படி மாறியிருக்கிறது. 2003 முதல் புதிய வீடுகளின் முன்முற்றத்தில் புல் வளர்க்கத் தடையும் வந்தது. 2002 ஆம் ஆண்டுக்குப் பின்னர் சனத்தொகை பல இலட்சம் கூடியும் அந்நகரம் ஆற்றிலிருந்து எடுக்கும் நீர் குறைந்திருக்கிறது. புது வீட்டுக்குச் சட்டம், பழைய வீட்டுக்குச் சலுகை என்று அவர்கள் இரண்டு கைகளாலும் வேலை செய்திருக்கிறார்கள்.

அதே நாட்டின் டூசான் நகரம் மழைநீர் சேகரிக்கும் வீடுகளுக்குச் செலவின் ஒரு பகுதியை, 2,000 டொலர் வரை, திருப்பிக் கொடுக்கும் திட்டத்தை நடத்தியது. அதைப் பெற விரும்புபவர் முதலில் ஒரு வகுப்புக்குச் சென்று தாங்கி வைப்பதையும் நீரை மண்ணில் இறக்குவதையும் கற்க வேண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் தனியாக மானியமும் கடனும் ஏற்பாடு செய்யப்பட்டன.

ஜேர்மனியின் பல நகரங்களில் வடிகால் கட்டணம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக் கழிவு நீருக்கு ஒரு கட்டணம். மழைநீருக்கு இன்னொரு கட்டணம். இரண்டாவது கட்டணம் கூரையாலும் கொங்கிறீட்டாலும் மூடப்பட்ட பரப்பைப் பொறுத்தது. மூடிய பரப்புக் கூடினால் கட்டணம் கூடும். நீர் இறங்கக்கூடிய கல் பதித்தாலோ கூரையில் செடி வளர்த்தாலோ குறையும். எங்கள் முற்றங்களை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் உடனே விளங்கும்.

எங்களுக்கு மிகக் கிட்டிய உதாரணம் இந்தியாவின் பூனே மாநகராட்சி. சூரியசக்தி, மழைநீர் சேகரிப்பு, கழிவிலிருந்து பசளை செய்தல் ஆகியவற்றில் ஒன்றைச் செய்யும் வீட்டுக்கு ஆதன வரியில் 5 சதவீதக் கழிவு, ஒன்றுக்கு மேல் செய்தால் 10 சதவீதக் கழிவு என்பது அங்குள்ள முறை.

எங்கள் சபைகளால் முடியுமா?

வரியில் கழிவு கொடுப்பது எங்கள் சபைகளுக்குப் புதிய விடயமல்ல. வருடம் முழுவதற்குமான சோலைவரியை ஜனவரி 31 ஆம் திகதிக்கு முன் கட்டினால் 10 சதவீதக் கழிவு கிடைக்கும் என்பது வீட்டில் பற்றுச்சீட்டைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். நேரத்துக்குக் கட்டுவது சபைக்கு நன்மை என்பதால் அதற்கொரு விலை கொடுக்கப்படுகிறது. மழையை மண்ணுக்குள் இறக்குவதும் சபைக்கு நன்மைதான். வடிகான் நிரம்பி வழிவது குறையும். ஆகவே அதற்கும் ஒரு சிறு கழிவைச் சட்டப்படி ஏற்பாடு செய்யலாம் என்று கேட்பதில் தவறில்லை.

நீர்க் கட்டணத்தில் ஏற்கெனவே ஒரு தூண்டுதல் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். அலகுகள் கூடக்கூட ஓர் அலகின் விலையும் கூடுகிறது. ஆனால் எங்கள் ஊர்களில் பல வீடுகளில் குழாயும் உண்டு, கிணறும் உண்டு. மோட்டார் இறைக்கும் கிணற்று நீர் எந்த மீற்றரிலும் பதிவதில்லை. சோலைவரியோ இரண்டு வகை வீட்டுக்கும் பொதுவானது. எனவே கிணற்றைக் காக்க அதுவே பொருத்தமான பிடி.

எதிர்க் கேள்விகளும் உள்ளன. சபையின் வருமானம் குறையாதா? குறையும். ஆகவே கழிவு சிறியதாகவும், எத்தனை வருடத்துக்கு என்று வரையறை உள்ளதாகவும் இருக்க வேண்டும். தாங்கி வாங்கி வைத்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டால்? கழிவை ஒரே தடவையில் கொடுக்காமல், வருடாவருடம் பார்த்துக் கொடுத்தால் அது நடக்காது. கட்டுகின்ற நாளோடு சட்டம் விட்டுவிடுவதைச் சலுகை இப்படித் தொடர்ந்து பிடித்துக்கொள்ளும். வசதி உள்ளவர்தானே பயன்பெறுவார்? இதுதான் கடினமான கேள்வி. ஏழைக் குடும்பத்துக்கு வரிக் கழிவை விட பீலியும் குழாயும் வாங்க முற்பணம்தான் உதவும். டூசானின் மானியத்திலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் அதுவே.

ஒரு கூரையின் கணக்கு

ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். ஆயிரம் சதுர அடிக் கூரை ஏறக்குறைய 93 சதுர மீற்றர். எங்கள் கரையோரத்தில் வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றர் என்று வைத்து, சிந்திப் போவதற்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் ஏறத்தாழ 1,19,000 லீற்றர் வரும். நீர்ப் பட்டியலின் அலகில் சொன்னால் 119 அலகுகள்.

இவ்வளவையும் தாங்கியில் பிடிக்க முடியாது. மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை கொட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு நீண்ட வெயில். ஆகவே ஒரு சிறு தாங்கி போதும். மிகுதியை மண்ணுக்குள் இறக்குவதே எங்கள் மணலுக்குச் சரியான வழி. சல்லியும் மணலும் நிரப்பிய ஒரு குழிக்குள் பீலி நீரை விட்டால் அது வடிந்து நன்னீரோடு சேரும். அந்தக் குழி மலசலகூடக் குழியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட வேண்டும். தாங்கியை வலையிட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் டெங்கு நுளம்புக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

எடுக்கும் நீரைக் குறைப்பதும் சேமிப்புதான். எங்கள் வீட்டுக் குழாயின் கீழே வாளியை வைத்து அளந்து பார்த்தேன். குழாயை முழுதாகத் திறந்து வுழூ செய்தால் ஏறத்தாழ ஆறு லீற்றர் போனது. பாதி திறந்து செய்தால் இரண்டரை லீற்றர். ஐந்து பேர் ஐந்து நேரமும் வுழூ செய்யும் வீட்டில் அந்த வித்தியாசம் ஒரு நாளைக்கு 87 லீற்றருக்கு மேல். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் வுழூ செய்ததாக ஹதீஸ்களில் வருகிறது. அது முக்கால் லீற்றர் அளவுதான். இதற்கு எந்தச் சபையும் நமக்குக் கழிவு தர வேண்டியதில்லை.

சலுகை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வீட்டு வரைபடம் கீறும்போது கூரைக்குப் பீலி, அந்த நீருக்கு ஒரு குழி, சிறிய அளவும் பெரிய அளவும் தெரிவு செய்யக்கூடிய மலசலகூடத் தாங்கி, முற்றத்தில் கல் பதிக்காத ஒரு பகுதி ஆகிய நான்கையும் அதிலேயே சேர்க்கும்படி பெற்றோரிடம் கேட்கலாம். கட்டும்போது செய்தால் செலவு குறைவு, கட்டிய பிறகு உடைத்துச் செய்தால் கூடும். நான் வாப்பாவிடம் கேட்டிருக்கிறேன். பீலிக்குச் சம்மதித்துவிட்டார். முற்றத்துக் கல்லைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.