மூச்சும் நடையும்: நெஞ்சு நோயாளர் தடுமாறுவது ஏன்?

பொழுது புலருமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தம் நிரைக்குப் புறப்படுகிறார் ஒரு பால்வெட்டாளர். பல ஆண்டுகளாக அவருக்கு இருமலும் இளைப்பும் உண்டு. சரிவில் இறங்கும்போது அவருடைய கால் தள்ளாடுகின்றது. பால் வாளியுடன் திரும்பும்போது உடல் ஒருபுறம் சாய்கின்றது. காண்போர், "பித்தம் தலைக்கேறிவிட்டது" என்பர். வேறு சிலர், "காலையிலேயே சம்சு போலிருக்கிறது" என்று நகைப்பர். அவரோ ஒரு சொட்டும் அருந்தாதவராக இருக்கலாம். அவருடைய தள்ளாட்டத்திற்குக் காரணம் அவரது நெஞ்சில் இருக்கக்கூடும்.

நுரையீரலுக்கும் நடைக்கும் என்ன தொடர்பு? இதனை அறிய, நம் உடல் எவ்வாறு விழாமல் நிற்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

செவியினுள் ஒரு நீர்மட்டம்

செவி கேட்பதற்கு மட்டுமே அமைந்த உறுப்பன்று. உட்செவியில், எலும்பினுள்ளே, அரைவட்ட வடிவில் மூன்று நுண்குழாய்கள் உள்ளன. அவற்றில் ஒருவகை நீர் நிறைந்திருக்கின்றது.

பாதியளவு நீருள்ள வாளியைச் சட்டென்று சுழற்றிப் பாருங்கள். வாளி திரும்பிவிடும், உள்ளிருக்கும் நீர் உடனே திரும்பாமல் பின்தங்கும். நாம் தலையைத் திருப்பும்போது அக்குழாய்களிலும் இதுவே நிகழ்கின்றது. பின்தங்கும் நீர் அங்குள்ள நுண்மயிர்களை வளைக்கின்றது. "தலை இப்பக்கம் திரும்பியது" என்னும் செய்தி நரம்பின் வழியே மூளைக்குச் செல்கின்றது. குழாய்களை அடுத்துள்ள இரு சிறு பைகளில் சுண்ணாம்புத் துகள்கள் உள்ளன. தலை சாய்வதையும், உடல் முன்னும் பின்னும், மேலும் கீழும் நகர்வதையும் அவை உணர்த்துகின்றன.

வியன்னா நகரின் மருத்துவர் ராபர்ட் பாரனி இவ்வுறுப்பை ஆராய்ந்து 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். நோயாளியின் காதில் குளிர்ந்த நீரைச் செலுத்தினால் தலைசுற்றலுடன் கண்கள் ஒரு பக்கமாகத் துடிப்பதையும், வெந்நீரைச் செலுத்தினால் அவை மறுபக்கமாகத் துடிப்பதையும் அவர் கண்டு விளக்கினார்.

மூன்று அடுப்புக் கற்கள்

உட்செவி தனித்து இயங்குவதில்லை. கண் காண்கின்றது, பாதமும் மூட்டும் தசையும் தரையின் நிலையை உணர்கின்றன. இம்மூன்று செய்திகளையும் மூளை இணைத்து நம்மை நிலைநிறுத்துகின்றது. பானையைத் தாங்கும் மூன்று அடுப்புக் கற்களைப் போன்றவை இவை. ஒரு கல் சற்று நழுவினாலும் மற்ற இரண்டும் ஓரளவு தாங்கும். இருட்டில் கண்ணென்னும் கல்லும் நழுவுகின்றது. எனவேதான், பகலில் நன்றாக நடப்பவர் விடியற்காலையில் தடுமாறுகிறார்.

நெஞ்சு நோய் செய்வது என்ன?

புகைப்பழக்கம், விறகடுப்புப் புகை, தூசி ஆகியவற்றால் மூச்சுக்குழாய்கள் நாளடைவில் சுருங்கிக் கெடுகின்றன. நோய் முற்றும்போது இரத்தத்தில் பிராணவாயு குறைகின்றது. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைப் பெறுகின்றது. ஆகவே அக்குறைவு மூளையை விரைவில் தாக்குகின்றது. உட்செவிக்கோ ஒரேயொரு மெல்லிய இரத்தக்குழாயே உணவளிக்கின்றது. அதற்கு மாற்றுவழி இல்லை. எனவே அதுவும் நலிவடையலாம்.

தசைகளும் தளர்கின்றன. மூச்சு வாங்குமே என்று அஞ்சி நோயாளர் நடப்பதைக் குறைக்கிறார். தொடைத் தசை மெலிகின்றது. மேலும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் மூச்சுக்கு மட்டுமன்றி, உடலை நிமிர்த்தி நிறுத்தவும் உதவுகின்றது. இளைக்கும்போது அது மூச்சுக்கே முழுதும் உழைக்க வேண்டியுள்ளது. இத்தகைய நோயாளர் மற்றவரினும் எளிதில் நிலைதடுமாறுகின்றனர் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

பழைய ஊசியின் சுவடு

நம் மூத்தோருள் சிலர் முற்காலத்தில் காசநோய்க்காக ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டவர்கள். 1943இல் கண்டுபிடிக்கப்பட்ட அம்மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆயினும், சிலருக்கு அது உட்செவியின் நுண்மயிர்களைச் சிதைத்தது. சிதைந்தவை முன்போல் வளர்வதில்லை. அத்தகையோர் இருளில் நடக்கப் பெரிதும் இடர்ப்படுவர். இன்று காசநோய்க்கு முதலில் தரப்படுபவை வாய்வழி உட்கொள்ளும் மாத்திரைகளே. ஆகவே, பழைய அச்சத்தால் எவரும் சிகிச்சையைத் தவிர்த்தல் கூடாது.

செய்ய வேண்டியவை

படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீர்கள். ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்து, பிறகு எழுங்கள். வீட்டிலிருந்து கழிவறைக்குச் செல்லும் வழியில் விளக்கு எரியட்டும்.

காண்டாவில் இரு வாளிகளையும் நிரப்பித் தூக்குவதைவிட, பாதியளவாக இருமுறை தூக்குவது நன்று. திரும்பும்போது முதலில் பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள். வழுக்காத காலணியை அணியுங்கள்.

கால் தசைக்கு வலுவூட்டுங்கள். சுவரோரம் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள். மேசையைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்தித் தாழ்த்துங்கள். இளைப்பு மிகுந்தால் நிறுத்தி ஓய்வெடுங்கள். எவ்வளவு பயிற்சி தமக்கு ஏற்றது என்பதை மருத்துவரிடம் கேட்டறிவது சிறந்தது.

புகைப்பதை விட்டுவிடுங்கள். நோய் மேலும் முற்றாமல் தடுக்க இதனினும் சிறந்த வழி வேறில்லை.

சுகாதார நிலையத்திற்குச் செல்லும்போது இருமலை மட்டும் கூறித் திரும்பாதீர்கள். தலைசுற்றல், தடுமாற்றம், காது இரைச்சல், அண்மையில் விழுந்தது ஆகிய அனைத்தையும் கூறுங்கள். உட்கொள்ளும் மருந்துகளையெல்லாம் கொண்டுபோய்க் காட்டுங்கள். தலைசுற்றலுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தசோகை முதலிய வேறு காரணங்களும் உண்டு. எனவே, மருந்தைத் தாமாக நிறுத்துவதோ கூட்டுவதோ தவறு. தலைசுற்றலுடன் வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் சோர்ந்தாலோ தாமதியாது 999ஐ அழையுங்கள்.

விழுந்ததை மறைப்போர் நம்மிடையே பலர் உள்ளனர். நகைப்பார்களோ, வேலை போய்விடுமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். ஆனால், மறைத்த சிறு வீழ்ச்சியே பின்னர் இடுப்பெலும்பை முறிக்கும் பெரு வீழ்ச்சியாகலாம். தள்ளாடுபவரைக் கண்டால், குடித்தாரா என்று கேட்குமுன், மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள். கைகொடுத்து அமரச் செய்யுங்கள். அந்த ஒரு வினா அவரை உரிய காலத்தில் மருத்துவரிடம் கொண்டு சேர்க்கும்.