வேலையில் சேர்ந்தால் போதுமா? நிலைக்கவும் சட்டம் உண்டு

கடலூர் சிப்காட்டில் ரசாயன ஆலைகள், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என ஒரே மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் சம்பளம் வாங்கும் இடங்கள் இருக்கின்றன. இங்கெல்லாம் மாற்றுத்திறனாளிக்கு வேலை கிடைத்தால் செய்தியாகிறது. சில ஆண்டுகளில் அவர் விலகினால் யாரும் காரணம் கேட்பதில்லை. சாய்தளம் இல்லாத கட்டடம், தள்ளிப்போகும் பதவி உயர்வு, தொலைதூர இடமாற்றம், ‘முடியலேன்னா எழுதிக் கொடுத்துடுங்க’ என்ற நெருக்கடி ஆகியவையே திறமைசாலிகளை வெளியே தள்ளுகின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இதற்கெல்லாம் வழி சொல்கிறது.

அரசு சார்ந்த நிறுவனங்களில்

நெய்வேலிச் சுரங்கத்தை நடத்தும் என்எல்சி மத்தியப் பொதுத்துறை நிறுவனம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013இல் தமிழக அரசின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. எனவே இரண்டுக்கும் 4 சதவீத இடஒதுக்கீடு பொருந்தும். குறைபாட்டை மட்டும் காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது. பணிக்காலத்தில் கையோ காலோ பார்வையோ இழந்தவரை நீக்கவும் பதவியிறக்கவும் கூடாது. பழைய வேலையைச் செய்ய இயலாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு வேலை தர வேண்டும். அதற்கும் இடமில்லையென்றால், பொருத்தமான இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும்.

தனியார் ஆலைகளில்

இடஒதுக்கீடும் மேற்சொன்ன பணிப் பாதுகாப்பும் இங்கே இல்லை. ஆனால் 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை பார்க்கும் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். பயிற்சி, இடமாற்றத்தில் முன்னுரிமை, சிறப்பு விடுப்பு, உதவிக் கருவிகள், தடையற்ற கட்டட வசதி, தொடர்பு அலுவலர் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

என்ன செய்ய வேண்டும்?

• தனித்துவ அடையாள அட்டை (யுடிஐடி) பெறுங்கள். சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது.

• தேவையான வசதியை எழுத்தில் கேட்டு, நகலில் பெற்றதற்கான ஒப்புதல் வாங்குங்கள். தனியார் ஊழியரானால் சமவாய்ப்புக் கொள்கையின் பிரதியையும் கேளுங்கள்.

• விலகல் கடிதத்திலோ விருப்ப ஓய்வுப் படிவத்திலோ அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். ‘தானாகவே போனார்’ என்று நிர்வாகம் சொல்ல அந்த ஒரு தாள் போதும்.

• அரசு நிறுவனத்தில் குறைதீர் அலுவலரிடம் புகாரைப் பதிவு செய்யுங்கள். 2 வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம்.

• பல்கலைக்கழகம், தனியார் ஆலை ஊழியர்கள் சென்னையிலுள்ள மாநில ஆணையரிடமும், என்எல்சி ஊழியர்கள் டெல்லியிலுள்ள தலைமை ஆணையரிடமும் முறையிடலாம்.

• மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிக்கு இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.

பல ஆண்டு பழகிய தொழில் கைவசம் உள்ள ஊழியரை ஒரு சாய்தளத்துக்குக் கணக்குப் பார்த்து இழப்பது நிர்வாகத்துக்கும் நட்டம்தான். அதை எடுத்துச் சொல்லியும் விலகல் கடிதம் கேட்டால், முதலில் புகார் மனுவை எழுதுங்கள்.