வானிலைச் செய்தி நடவு வயலுக்கும் வர வேண்டும்

காவிரி டெல்டாவில் சாகுபடிச் செலவையும் நடவுக் கூலியையும் தீர்மானிப்பதில் வானிலை முன்னறிவிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும்போது குறுவை நெல் பருவம் தொடங்கும். சம்பாவும் தாளடியும் வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே வளர்கின்றன. அந்த மழைக்காலத்தில்தான் 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்தது. 2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில் முற்றிய சம்பாக் கதிர்கள் வயலிலேயே சாய்ந்து முளைத்தன.

கிடைக்கும் சேவைகள்

இந்திய வானிலை ஆய்வு மையம், வேளாண் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் 5 நாள் முன்னறிவிப்பையும் பயிர் ஆலோசனையையும் வெளியிடுகிறது. மேகதூத், உழவன் செயலிகளில் வானிலைத் தகவலைத் தமிழில் பார்க்கலாம். தாமினி செயலி இடி மின்னல் பற்றி எச்சரிக்கும்.

இடைவெளி எங்கே?

நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு ஆகியவற்றைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். ஆனால் பட்டா கணவர் அல்லது மாமனார் பெயரில் இருக்கும். வேளாண் அலுவலகப் பதிவேட்டில் ஏறுவதும் அவருடைய கைபேசி எண்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நில உடைமைகளில் பெண்கள் நடத்துபவை சுமார் 14 சதவீதம். கணவர் திருப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்தால், "நாளை கனமழை, மேலுரம் இட வேண்டாம்" என்ற குறுஞ்செய்தி அங்கேயே நின்றுவிடும். இங்கே மனைவி இட்ட யூரியா மழைநீரோடு வடிகாலில் போய்விடும். நடவுக் கூலிப் பெண்களின் எண்ணோ எந்தப் பட்டியலிலும் இல்லை. வெட்டவெளியில் குனிந்து நடும் அவர்களுக்குத்தான் மின்னல் ஆபத்து அதிகம்.

உரிமைகள்

2007-ஆம் ஆண்டின் தேசிய உழவர் கொள்கை குத்தகைதாரர்களையும் விவசாயத் தொழிலாளர்களையும் உழவர்களாகவே ஏற்கிறது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரரும் சேரலாம். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கைத் தமிழ்நாடு 1989-இலும், நாடு முழுமைக்குமான சட்டத் திருத்தம் 2005-இலும் உறுதி செய்தன.

செய்ய வேண்டியவை

- வேளாண் அலுவலகப் பதிவிலும் காப்பீட்டிலும் வயலைக் கவனிக்கும் பெண்ணின் எண்ணைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். மேகதூத் செயலியில் பதிவதற்குப் பட்டா தேவையில்லை.
- சாதாரண கைபேசி மட்டும் உள்ளவர்கள் 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்தில் காலை 6 முதல் இரவு 10 மணி வரை இலவசமாகத் தமிழில் கேட்கலாம்.
- இடி கேட்டால் உடனே கரையேறிக் கட்டடத்துக்குள் போக வேண்டும். வரப்பில் நிற்கும் மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவர் காலையிலேயே எச்சரிக்கையைப் பார்த்துக்கொள்வது நல்லது.
- அறுவடைக்குப் பிந்தைய இழப்புக்கும் காப்பீடு அறிவிக்கப்பட்டிருந்தால், அறுத்துப் போட்ட நெல் 14 நாளுக்குள் பருவம் தவறிய மழையில் நனைந்ததை 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணில் தெரிவிக்க வேண்டும்.

ஊர் செய்ய வேண்டியது

இத்தகைய தகவலை ஊருக்கே கொண்டு சேர்ப்பதற்கு முன்மாதிரி அருகிலேயே உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. எம்பலத்தில் கோயில் வளாகத்தில் இயங்கிய மையத்தை உள்ளூர்ப் பெண்களே நடத்தினர். வீராம்பட்டினத்தில் கடல் அலை நிலவரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. டெல்டா ஊராட்சிகளும் பெண்கள் வயலுக்குக் கிளம்பும் முன்பே ஒலிபெருக்கியில் முன்னறிவிப்பைச் சொல்லலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்களில் செவ்வாய், வெள்ளி அறிக்கைகளை வாசிக்கலாம். இதைக் கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றக் கேட்பதற்கு ஊர் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. அங்கே தீராததை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம்.